நம்ம குதிரைக்கு ராஜஸ்தானில் ஒரு பங்காளி!

புதுக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ் பிடிச்சா ஒன்றரை மணி நேரம். விழா நாளாகப் பார்த்துப் போனா, பல மாநில ஆட்டக்காரர்களை ஒரே மேடையில் பார்க்கலாம் மக்களே!

1986-ல் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட தென்னகப் பண்பாட்டு மையம், 'சலங்கை நாதம்' போன்ற விழாக்களில் நாடெங்கும் இருந்து கிராமியக் கலைஞர்களை வரவழைத்து ஆட வைத்திருக்கிறது.

சும்மா விசிலடிச்சுட்டு வந்துடாதீங்க. ஒப்பிட்டுப் பாருங்க, செம சுவாரஸ்யம். நம்ம பொய்க்கால் குதிரைக்காரர் காலில் கட்டை, இடுப்பில் குதிரைக்கூடு கட்டி ஆடுவார். ராஜஸ்தானின் 'கச்சி கோடி' ஆட்டத்திலும் இடுப்பில் குதிரைதான். கட்டைக்கால் கிடையாது, கையில் வாள்! கோலாட்டம் தெரிஞ்சவங்களுக்கு குஜராத்தின் தாண்டியா பாதி புரிஞ்சுடும். நம்ம பறைக்கு ஆந்திரா, தெலங்கானாவில் 'டப்பு' என்று ஒரு உறவு. பாஷை தெரியாதவங்களும் தாளத்தில் பேசிக்கலாம்.

இப்போ கொஞ்சம் சீரியஸ். பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோயில் திருவிழா மாதங்கள்தான் நம்மூர் கரகாட்டக்காரர்களுக்கு சீஸன். மற்ற மாதங்களில் பலருக்குக் கூலி வேலைதான் கை கொடுக்குது. கொரோனாவால் 2020, 2021-ல் திருவிழாக்கள் நின்றபோது, அந்த சீஸனும் போச்சு.

அதனால ஒரு ரிக்வெஸ்ட். உங்க காலேஜ் டே பட்ஜெட்டில் டி.ஜே.வுக்குப் பக்கத்தில் நம்ம மாவட்டக் கலைக்குழு ஒண்ணையும் எழுதுங்க. ஆடி முடிச்ச அன்னிக்கே பேசின சம்பளத்தைக் கையில் கொடுங்க. 'சர்டிஃபிகேட் தர்றோம்ணே'னு மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!