வாய்ப்பூட்டுக்குப் பெயர் சமரசமா?

தோட்டத்துப் பெண்ணொருத்தி தனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்ல வாய் திறந்தால், முதலில் ஓடி வருவது நீதியல்ல, சமரசப் பேச்சு! "மானம் போகும், மகளுக்கு வரன் அமையாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒதுங்கு" என்று உபதேசம் நடக்கும். அவளை வேறு நிரைக்கு மாற்றுவார்கள். தொல்லை கொடுத்த தண்டல் பழைய இடத்திலேயே மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பான். இதற்குப் பெயர் தீர்வாம்!

சமரசமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கோர்ட்டு வழி நீண்ட வழி. ஏழைக்கு அது இன்னும் நீளம். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதே நம் கேள்வி.

இது இன்று முளைத்த சங்கதியல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள். வெள்ளைத் துரைமாரும் கறுப்புத் துரைமாரும் நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அன்று உயிர் கொடுத்துக் கேட்டதை இன்று காதோடு காதாகப் பேசி முடிப்பதா?

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டார ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள், மேற்பார்வையாளர் கைதானார். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அத்தோடு அடங்கிவிடவில்லை. பெண்கள் முன்நின்று நடத்தும் அச்சங்கம், 2022இல் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். கம்பெனிகளும் தனித்தனியே ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டன. தொழிலாளிகளே ஆலைக்குள் கண்காணிப்பார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால் அதன் வியாபாரத்தில் கை வைக்கப்படும். அதுவன்றோ சமரசம்!

நமக்கும் சட்டத்தின் பலம் உண்டு. பாலியல் தொல்லைக்கு நஷ்டஈடு கேட்டுத் தனியே வழக்குத் தொடுக்கலாம் என்று 2016இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம். புகாரை விசாரிக்க மறுக்கும் முதலாளி, 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2023 ஜனவரி முதல், இது பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் பலர் காண ஒட்டுவதும் அவர் கடமை. பெரட்டுக் களத்தில் அந்தத் தாள் தொங்குகிறதா? தங்காக் வட்டாரத் தோழர்களே, நாளைக் காலையே பாருங்கள்!

எந்தச் சமரசத்திலும் கைநாட்டு வைக்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். செய்தவன் அதிகாரம் பறிக்கப்பட்டதா? அவள் வேலைக்கும் சம்பளத்துக்கும் உத்தரவாதம் உண்டா? அடுத்தவளுக்குப் பாதுகாப்பு என்ன? எல்லாம் எழுத்தில் உள்ளதா? அவள் பெயரைக் காப்பது நம் கடமை. அவன் செயலை மூடுவது நம் கடமையல்ல.

பேரேடு எழுதும் கிராணிமாருக்கும், கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை: சமரசத் தூதராகப் போகாதீர்கள், சாட்சியாக வாருங்கள். பெண்கள் இல்லாத கமிட்டி பெண்ணின் வழக்கைப் பேச வேண்டாம்.

பணம் ஒரு மாதச் செலவுக்குக் காணும். பயமில்லாத நிரையே நாம் கேட்கும் தீர்ப்பு!