மிதானியும் மிதாலியும்

1973இல் இந்த நாட்டில் இரண்டு நிறுவனங்கள் பிறந்தன. ஒன்று, ஹைதராபாத்தின் தெற்கே காஞ்சன்பாக்கில் அமைந்த மிஸ்ர தாது நிகாம். ஊர் வழக்கில் மிதானி. ஏவுகணைக்கும் விண்கலத்துக்கும் வேண்டிய சிறப்புக் கலப்பு உலோகங்களை வெளிநாட்டிடம் கையேந்தாமல் நாமே வார்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு தொடங்கியது. மற்றொன்று, லக்னோவில் பதிவான இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம். அது புனேயில் நடத்திய முதல் தேசியப் போட்டிக்கு வந்த அணிகள் மூன்றே: பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம். பிறந்த ஆண்டைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஹைதராபாத் மகளிர் அணியின் கதையைத் திருப்பிப் பார்த்தால், அந்த அணியை உருக்குலைத்ததும் அதை இனி நிமிர்த்தக்கூடியதும் ஒரே விஷயம்தான் என்று தெரிகிறது. அது மைதானமோ பயிற்சியாளரோ அல்ல, மாதச் சம்பளம் தரும் ஒரு வேலை.

ஹைதராபாத்துக்கு மகளிர் கிரிக்கெட் புதிதில்லை. 1978 ஜனவரி 13 அன்று, அங்குள்ள லால் பகதூர் விளையாட்டரங்கில்தான் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை எட்டு விக்கெட்டில் தோற்கடித்துத் தன் முதல் உலகக் கோப்பையைத் தூக்கியது. நான்கே அணிகள் ஆடிய தொடர் அது. இறுதிப்போட்டி என்று தனியாக இல்லை, கடைசி ஆட்டத்திலேயே கோப்பை முடிவானது. ஆண்களின் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து என்பதை நம்மில் பலர் மறந்தே போனோம். பிறகு 1990களில் இந்திய அணிக்குத் தலைமையேற்று, பின்னாளில் அதன் பயிற்சியாளராகவும் இருந்த பூர்ணிமா ராவ் இந்த ஊரின் மகள். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் கௌஹர் சுல்தானா 50 ஒருநாள் போட்டிகளில் 66 விக்கெட் எடுத்தவர். ஸ்ரவந்தி நாயுடு 2014இல் தன் முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்திலேயே ஒன்பது ரன் கொடுத்து நான்கு வங்கதேச விக்கெட்டுகளைச் சாய்த்தார். 2025 நவம்பரில் உலகக் கோப்பை வென்ற இந்தியக் குழுவில் அருந்ததி ரெட்டி இருந்தார். அதே ஆண்டு 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், அந்தத் தொடரின் முதல் சதத்தை அடித்துத் தொடர் நாயகியானவர் பத்ராசலத்துப் பெண் கொங்கடி திரிஷா. இவர்கள் எல்லோருக்கும் மேலே மிதாலி ராஜ். ஓர் ஊர் இதற்கு மேல் எத்தனை பேரைத்தான் கொடுக்கும்?

இப்போது கோப்பைப் பட்டியலைப் பாருங்கள். மகளிர் சங்கம் 2006இல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தது. 2006-07 முதல் 2024-25 வரை வாரியம் நடத்தி முடித்த 18 சீனியர் ஒருநாள் போட்டித் தொடர்களில் 15இல் ரயில்வே வென்றது. மிச்சம் மூன்றில் டெல்லி, வங்காளம், மத்தியப் பிரதேசம் தலா ஒரு முறை. ஹைதராபாத் ஒரு முறைகூட இல்லை; தமிழ்நாடும் இல்லை. இதைத் திறமைக் குறைவு என்று படிப்பவர்கள் ரயில்வே அணியின் ஆட்டக்காரர் பட்டியலை ஒரு தடவை படிக்க வேண்டும். அதில் உள்ளவர்கள் எந்த மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், தோற்ற மாநிலங்களின் பெயர்தான் வரிசையாக வரும்.

ரயில்வேயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மகளிர் கிரிக்கெட்டுக்கு ஆட்டச் சம்பளம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், 1980களில், டயானா எடுல்ஜி போன்றவர்களின் விடாப்பிடியால் ரயில்வே கதவைத் திறந்தது. நடுத்தர வீடுகளில் பெண் கிரிக்கெட் ஆடுவதற்குப் பதினெட்டு வயது வரை சம்மதம் கிடைத்துவிடும். அதன்பின் ‘இதனால் என்ன கிடைக்கும்?’ என்ற கேள்வி சாப்பாட்டு வேளையில் எழும். அதற்கு வாயடைக்கும் ஒரே பதில், ‘ரயில்வேயில் வேலை கிடைக்கும்’ என்பது. அந்தப் பதில் இல்லையென்றால் ஒரு தலைமுறையே மட்டையைப் பரணில் போட்டிருக்கும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ரயில்வே ஒரு முதலாளி மட்டுமில்லை, தேசியப் போட்டியில் ஆடும் ஓர் அணியும்கூட. அங்கே கையெழுத்துப் போடும் பெண் அன்றோடு தன் மாநிலத்துக்கு எதிரணி ஆகிறார்.

மிதாலியின் வாழ்க்கையில் இந்த முரண் ஒரு வட்டமாகவே அமைந்துவிட்டது. ஜோத்பூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். தந்தை துரைராஜ் விமானப்படைக்காரர். அரசு வேலை ஊர் ஊராகக் கொண்டுபோன குடும்பம் செகந்திராபாத்தில் வந்து நின்றது; சோம்பலாகத் திரியாமல் இருக்கட்டும் என்று மைதானத்துக்கு அனுப்பப்பட்ட சிறுமி மட்டையைப் பிடித்தாள். 1999 ஜூன் 26 அன்று, 16 வயதில், அயர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 114. 2002இல் இங்கிலாந்தின் டான்டனில் 214. அன்றைக்கு அது மகளிர் டெஸ்ட்டின் உலகச் சாதனை. ஒருநாள் போட்டிகளில் மட்டும் 7,805 ரன். உள்நாட்டில் இந்த மட்டை பெரும்பாலும் உழைத்தது ரயில்வேக்கு. ஓர் அரசு வேலை அவரை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தது. இன்னோர் அரசு வேலை ஹைதராபாத் அணியிலிருந்து கொண்டுபோனது. அருந்ததியும் இங்கே வளர்ந்து, 2017இல் ரயில்வேக்குப் போய், பிறகு கேரளத்துக்கு மாறினார். சென்னை ஆட்டக்காரர்கள் திருஷ்காமினியும் ஹேமலதாவும் சென்ற வழி இதுவே என்பதால், இதை ஹைதராபாத்தின் தனிப் புலம்பலாக நாம் தள்ளிவிட முடியாது.

இழப்பு கோப்பையோடு நிற்பதில்லை. கிரிக்கெட்டில் பாதிப் பாடம் வலைப்பயிற்சியில் பக்கத்து வலையில் நிற்பவரைப் பார்த்து வருவது. இருபத்தெட்டு வயதுக்காரர் வெளியூர் அணியில் இருந்தால், பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்து வலையில் பதினேழு வயதுப் பெண்தான் இருப்பாள். மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளும் அணி ஆண்டுதோறும் முதல் வகுப்பிலிருந்தே படிக்கிறது.

இனி வேலை எதற்கு, கிரிக்கெட்டே சோறு போடுமே என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. உள்நாட்டு மகளிர் ஆட்டக் கட்டணம் 2021இல் நாளுக்கு 12,500 ரூபாயிலிருந்து 20,000 ஆனது. 2025 டிசம்பரில் 50,000 ஆனது. இருபது ஓவர் ஆட்டத்துக்கு அதில் பாதி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லீக் சுற்றோடு வெளியேறும் ஓர் அணிக்கு ஒருநாள் ஆட்டம் ஏழு, இருபது ஓவர் ஆட்டம் ஏழு என்று தாராளமாகவே வைப்போம். எல்லாவற்றிலும் பதினொருவரில் ஒருவராக நின்றவருக்கு ஆண்டுக்கு ஐந்தேகால் லட்சம். வெளியே உட்கார்ந்தவருக்கு இதில் பாதி. முழங்கால் பிசகியவருக்கும் பிள்ளை பெறப் போனவருக்கும் எதுவும் இல்லை. மகளிர் பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகள். அணிக்குப் பதினெட்டு பேர், அதில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர். அப்படியானால் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய அறுபது இடம். ஹைதராபாத் பெயரில் அங்கே அணியே கிடையாது. அறுபதுக்குள் வருபவருக்கு லீக் சோறு போடும். மாநில அணி நிற்பது அறுபத்தொன்றாவது பெண்ணின் தோளில்.

அரசுகள் கொடுக்கத்தான் செய்கின்றன. வென்ற பிறகு கொடுக்கின்றன. திரிஷாவுக்குத் தெலங்கானா அரசு ஒரு கோடி அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு முகமது சிராஜுக்கும் குத்துச்சண்டை வீராங்கனை நிகத் ஜரீனுக்கும் டி.எஸ்.பி. பதவி தந்தது. வாழ்த்துகள். ஆனால் உச்சியில் நிற்பவருக்குப் போடும் மாலை, ஏறிக்கொண்டிருப்பவருக்கு ஏணி ஆகாது.

காஞ்சன்பாக் இங்கேதான் வருகிறது. பேரைப் பிரித்தால் பொன் தோட்டம். 1962இலிருந்து ராணுவ ஆய்வுக்கூடங்கள், 1970இல் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ், மூன்றாண்டு கழித்து மிதானி. 1982இல் அப்துல் கலாம் ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக வந்த பிறகு தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமான இடம். அரசுப் பணம், நிரந்தர வேலை, குடியிருப்பு எல்லாம் சேர்ந்திருக்கும் இத்தகைய நிறுவனங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு: தேசிய கிரிக்கெட் போட்டியில் ஆட இவற்றுக்குச் சொந்த அணி இல்லை. இங்கே வேலைக்குச் சேரும் பெண் ஹைதராபாத்துக்கே ஆடலாம். ஆண்கள் விஷயத்தில் இந்த ஊர் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அசாருதீன் பாரத ஸ்டேட் வங்கி ஊழியராக இருந்துகொண்டே ஹைதராபாத்துக்கு ஆடினார். வங்கிக்கு ரஞ்சி அணி இல்லை என்பதால் ஊருக்கு அவர் மிஞ்சினார். இதே ஏற்பாட்டைப் பெண்களுக்கும் போதுமான அளவில் செய்திருந்தால், மேலே சொன்ன பெயர்களில் பாதியாவது ஒரே சட்டையில் ஒன்றாக ஆடியிருக்கும்.

ஏவுகணை செய்யும் இடத்தில் மட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாதுகாப்புத் துறை நிறுவனம் கிரிக்கெட் கிளப் நடத்த வேண்டியதில்லை, சரிதான். ஆனால் ரயில் ஓட்டுவதற்கும் கவர் டிரைவுக்கும்கூடத்தான் சம்பந்தமில்லை. கணக்குப் பிரிவு, பண்டகசாலை, அலுவலக உதவியாளர் என்ற பணியிடங்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு; விளையாட்டு வீரர்களை அவற்றில் சேர்த்துக்கொள்ளும் நடைமுறை மத்திய அரசுத் துறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது, அதில் கிரிக்கெட்டும் அடக்கம். புதுச் சட்டம் வேண்டாம். மனம்தான் வேண்டும். ஒரே ஒரு முதலாளியை நம்பியிருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஏர் இந்தியாவும் ஒரு காலத்தில் மகளிர் கிரிக்கெட்டுக்கு வேலை கொடுத்த இடம்தான். 2022 ஜனவரியில் அது டாடா கைக்குப் போனது.

நான் இன்னும் கனமானதாக எடுத்துக்கொள்ளும் ஆட்சேபம் வேறு. ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத்தின் நிர்வாகம் நீதிமன்றப் படியேறியே தேய்ந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவை அதன் பொறுப்பில் வைத்தது. பல கிளப்புகள் சிலர் கைக்குள் இருப்பதாகக் கண்டு 57 கிளப்புகளின் வாக்குரிமையை அவர் நிறுத்திவைத்தார். இப்படிப்பட்ட சங்கம் கைகாட்டும் பெண்ணுக்கு ஒரு பொதுத்துறை நிறுவனம் எதை நம்பி வேலை கொடுக்கும்? கொடுக்கக் கூடாது என்பதே என் பதில். யார் எத்தனை ரன் அடித்தார், எத்தனை விக்கெட் எடுத்தார் என்பது வாரியத்தின் ஸ்கோர் புத்தகத்தில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. வேலைக்கான தகுதியை அந்தப் புத்தகத்தோடு கட்டிவிட்டால் சங்கத்தின் சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே இடமே இல்லை. காஞ்சன்பாக்கின் நிறுவனங்கள் எல்லாமாகச் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு பணியிடம் ஒதுக்கினால் போதும். ஆறாவது ஆண்டில் ஓர் அணிக்கு வேண்டிய பதினொருவரும், தண்ணீர் பாட்டில் தூக்க ஒருவரும் சேர்ந்துவிடுவார்கள்.