ரெவோலோ விட்டுச்சென்ற பாடம்

கலப்பின வாகனம் என்றதும் நம் ஆய்வேடுகள் 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸிலிருந்தே தொடங்குகின்றன. நாம் முதலில் கற்க வேண்டிய பாடமோ புனேயிலேயே இருக்கிறது.

2010ஆம் ஆண்டு இந்நகரின் கேபிஐடி நிறுவனம் 'ரெவோலோ' என்னும் கருவித்தொகுப்பை அறிவித்தது. ஏற்கெனவே சாலையில் ஓடும் காரில் மின்மோட்டாரையும் மின்கலத்தையும் பொருத்தி, அதனைக் கலப்பின வாகனமாக மாற்றுவதே நோக்கம். உற்பத்திக்குப் பாரத் ஃபோர்ஜ் கைகோத்தது. ஆயினும் அது சந்தையில் வேரூன்றவில்லை.

பொறியியலில் மட்டும் இதற்குக் காரணம் தேடுவது போதாது. ஓடும் வாகனத்தில் இத்தகைய கருவியைப் பொருத்துவதற்கான விதிகள் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016இல்தான் இடம்பெற்றன. வரியும் நிலையாக இருக்கவில்லை. 2015இல் ஃபேம் திட்டத்தில் சலுகை பெற்ற மிதக் கலப்பின வாகனங்கள் 2017இல் அதனை இழந்தன. அவ்வாண்டே ஜிஎஸ்டி வந்தபோது பெரிய கலப்பினக் கார்களின் மொத்த வரிச்சுமை 43 விழுக்காடாயிற்று. மின்வாகனங்களுக்கு 12, பின்னர் 5. 2025 செப்டம்பரில் கலப்பினக் கார்களுக்கான விகிதங்கள் மீண்டும் மாறின.

நம் ஆய்வுகள் எதில் முனைகின்றன? எஞ்சினும் மோட்டாரும் சுமையை எவ்வாறு பகிர்வது என்னும் ஆற்றல் மேலாண்மை நெறிமுறைகளில். இயங்குநிலை நிரலாக்கத்திலிருந்து இயந்திரக் கற்றல் வரை வந்துவிட்டோம். ஆனால் அளவுகோல் பெரும்பாலும் கணினிப் பாவனையில் மிச்சமாகும் எரிபொருள் மட்டுமே. கருவியின் விலை, மின்கலத்தின் ஆயுள், சான்றளிப்புச் சோதனை ஆகியவை 'எதிர்கால ஆய்வு' என்னும் கடைசிப் பத்திக்குத் தள்ளப்படுகின்றன.

விதி வகுப்பது அரசின் பணி, அறிவைப் பெருக்குவதே ஆய்வாளர் பணி என்பர் சிலர். ஆனால் வாகனத் தரநிலைகளை வரைபவர்களும் பொறியாளர்களே. அக்குழுவின் செயலகமான ஏஆர்ஏஐ இயங்குவதும் இதே புனேயில்தான்.

சாகனிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் எஞ்சின், கியர் உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இது ஏட்டுச் சிக்கலன்று. கலப்பின வாகனத்தில் எஞ்சினுக்கு இடமுண்டு. முழு மின்வாகனத்தில் இல்லை. எந்த எந்திரத்தில் முதலிடுவது என்று அவர்கள் இன்றே முடிவெடுத்தாக வேண்டும். அதற்கு உதவும் கணக்கை நாம் தருகிறோமா?

ஆகவே ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஆய்வேட்டில் விலைக்கும் சான்றளிப்புக்கும் ஓர் இயல் ஒதுக்குங்கள். அடுத்த ரெவோலோ விதிக்காகக் காத்திருக்க நேரக்கூடாது.