முதல் பருவத்தின் கால அட்டவணை

சித்தூரிலிருந்து தினமும் திருப்பதிக்குச் சென்று படிக்கவிருக்கும் உங்கள் பிள்ளையின் முதல் பருவ அட்டவணையைப் பார்த்தீர்களா? வகுப்பு நேரங்களைக் கல்லூரியே வகுத்துவிடும். எஞ்சிய நேரத்தை வகுப்பதே நம் பங்கு. ஒருவழித் தொலைவு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். போக வர நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது கழியும். முதல் வகுப்புதான் அடிக்கடி தவறும். 75 சதவீத வருகை வேண்டுமென்பது பொதுவான விதி. 90 வேலைநாட்கள் கொண்ட பருவமாயின் 22 நாட்களே விடலாம். காய்ச்சல், உறவினர் திருமணம், கன்வென்ஷன் யாவும் அதற்குள் அடங்கவேண்டும். இயன்றால் முதல் பருவத்திற்கேனும் விடுதி நலம். செலவு கூடும், அதை மறுப்பதற்கில்லை. இயலாதெனில், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திற்குப் பிந்தி வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், முதலில் சாப்பாடு வையுங்கள்.