சாவுக்கு வருகிறோம், நோய்க்கு வருவதில்லை

நம் சபைகளில் சாவு வீட்டுக்கு ஆள் குறைவதே இல்லை. கோயில் மணி துக்கத்துக்கு அடித்ததும் பாடகர் குழு வந்துவிடும், கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் போய்விடும், பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரும். ஆனால் அதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு தாய் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தாரே, அப்போது நாம் எங்கே இருந்தோம்? ஞாயிறு ஆராதனையில் வியாதியஸ்தர் பெயர்களை வாசித்தபோது ஆமென் சொன்னோம். ஏன் வரவில்லை என்று கேட்டால், சொல்லியிருந்தால் வந்திருப்போமே என்கிறோம்.

அம்மாவின் நோயில்தான் ஆண்டவரை அறிந்தேன், அப்பாவின் கடைசி நாட்களில்தான் ஜெபிக்கக் கற்றேன் என்று சாட்சி சொல்லும் பிள்ளைகள் நம் நடுவில் உண்டு. கேட்டு மகிழ்கிறோம். அந்தச் சாட்சிகளில் வருகிறவர்கள் யார் என்று கவனித்தோமா? இரவுப் பணியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் வருகிறார். ரசம் வைத்துக் கொடுத்த அடுத்த வீட்டு இந்து அம்மா வருகிறார். வலியோடு வலியாகப் பிள்ளைகளுக்காக ஜெபித்த தாய் வருகிறார். சபையார் வருவதில்லை. தேவன் அவர்களைத் தேற்றினார், உண்மைதான். ஆனால் நம் கைகளைக் கொண்டு அல்ல.

போனவர்களாவது ஆறுதலாகப் பேசினோமா? முழு மனதோடு விசுவாசித்தால் சுகம் கிடைக்கும் என்றோம். வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் உண்டா என்றுகூடக் கேட்டோம். பிறவிக் குருடனைக் கண்டு சீஷர்கள் கேட்ட அதே கேள்வி. இயேசு அதை அங்கேயே மறுத்துவிட்டார். தகப்பனுக்குப் புண் துடைத்து, துணி மாற்றி, தூக்கமில்லாமல் கிடந்த மகளிடம் போய் உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வந்தது? யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. நாம் ஒரு மணி நேரம்கூட அப்படி உட்காரவில்லை.

அழவும் விடவில்லை. இது புதிதல்ல. 387ஆம் ஆண்டு ஒஸ்தியாவில் தாய் மோனிக்கா இறந்தபோது அகுஸ்தீன் கண்ணீரை அடக்கிக்கொண்டார். கதறிய அகுஸ்தீனின் மகனையும் அங்கிருந்தவர்கள் அடக்கினார்கள். பிறகு தனிமையில்தான் அகுஸ்தீன் அழுதார். அதற்காக யாராவது தன்னைக் குறை சொல்வார்களோ என்று 'அறிக்கைகள்' நூலில் பயந்து பயந்து எழுதுகிறார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டவருடைய சபைதானே நாம்? அம்மா பரலோகத்தில் இருக்கிறாள், அழாதே என்று எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம்!

வலியைப் பற்றியும் நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண் நர்ஸாக இருந்து, பிறகு மருத்துவம் படித்து, சாகிறவர்களின் வலியைத் தணிக்கவே 1967இல் லண்டனில் ஒரு இல்லம் திறந்தார். உடல்வலி, மனவலி, குடும்பத்தின் கவலை, ஆத்துமாவின் தவிப்பு எல்லாம் சேர்ந்ததே வலி என்பது அவருடைய போதனை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புப் பணி, சாதாரண அக்கம்பக்கத்தாரையே பழக்கி வீடு வீடாக அனுப்பும் இயக்கமாகக் கேரளத்தில் வளர்ந்தது. நம் தமிழ்நாட்டில் 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களே படுக்கை நோயாளிகளைத் தேடிப் போகிறார்கள். வருகிற நர்ஸிடம் நம் சபையின் நோயாளி ஒருவருடைய பெயரையாவது சொன்னோமா? புற்றுநோயின் கொடிய வலிக்கு மார்பின் என்ற மருந்து உண்டு, அதை டாக்டரிடம் கேட்கலாம் என்ற ஒரு வார்த்தை போதும், ஒரு தாய் இரவில் தூங்கியிருப்பாள். நாமோ அந்த வலியைச் சிலுவை என்று சுமக்கச் சொன்னோம்.

எருசலேம் சபையில் விதவைகள் சிலர் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் உடனே ஏழு பேரை அதற்கென்றே நியமித்தார்கள். நம்மிடையே முறுமுறுப்புக்கூட எழவில்லை. அடக்கம் முடிந்து சில வாரங்களில் அந்தப் பிள்ளைகள் ஸ்தோத்திரக் காணிக்கை கவர் கொண்டுவருகிறார்கள். எல்லா ஒத்தாசைக்கும் சபையாருக்கு நன்றி என்று அதில் எழுதியிருக்கிறது. நாமும் அதை ஆராதனையில் வாசித்து வாங்கிக்கொள்கிறோம்.