அட்வான்ஸ் எங்கே போகிறது?

மாதக் கடைசியில் சென்னையின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் குட்டி யானை ஒன்று நின்றுகொண்டிருக்கும். கட்டில், பீரோ, கிரைண்டர் என்று ஒவ்வொன்றாக ஏறும். எங்கள் தெருவில் போன மாதம் ஒரு குடும்பம் காலி செய்தது. சாமான் ஏற்றி முடிந்த பிறகும் அந்த அம்மா வண்டியில் ஏறவில்லை. "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் உங்க பணத்தைத் தந்துடறேம்மா" என்றார் வீட்டுக்காரர். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வாராம். அவர்கள் கொடுத்திருந்தது பத்து மாத வாடகை. புது வீட்டு அட்வான்ஸுக்கு நகை அடகுக்குப் போயிருக்கிறது.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழக அரசு 2017-இல் இயற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸுக்கு வரம்பு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.

வீட்டுக்காரர்களையும் இந்தச் சட்டம் கைவிடவில்லை. இரண்டு மாத பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாதவரைக் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். கெடு முடிந்தும் வெளியேறாதவர் இரட்டை வாடகை தர வேண்டும். ஓய்வூதியப் பணத்தில் மாடி எடுத்து, அந்த வாடகையில் மருந்து மாத்திரை வாங்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். குடிவந்தவர் கிளம்பமாட்டாரோ, கேஸ் வருஷக்கணக்கில் இழுக்குமோ என்ற அவர்களின் பயம் நியாயமானது. அட்வான்ஸ் பத்து மாதமாக வீங்கியதில் அந்தப் பயத்துக்கும் பங்குண்டு.

பிறகு ஏன் எதுவும் மாறவில்லை? முதல் காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்'தான் அந்த மூன்று மாத வரம்பு. பள்ளி திறப்பதற்குள் வீடு பிடித்தாக வேண்டியவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவார். அவரிடம் போய் உடன்பாடு என்று பேசுவது அநியாயம். இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் பதிவு. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து, எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி. இணையத்திலேயே பதியலாம். ஆனால் ஜெராக்ஸ் கடையில் அடித்த பதினோரு மாத அக்ரிமென்ட் போதும் என்றுதான் இரண்டு தரப்பும் நம்புகிறது. பலருக்கு அதுகூடக் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

இங்கேதான் மாநகராட்சி கைகொடுக்க வேண்டும். சொத்து வரிக்காக ஒவ்வொரு வீட்டையும் கணக்கில் வைத்திருக்கும் நிர்வாகம் அது. வார்டு அலுவலகத்தில் வாடகைப் பதிவுக்கென்று ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பித் தர ஓர் ஊழியரை உட்கார வைத்தால், இணையம் கைவராத பெரியவரும் வேலைக்கு ஓடும் குடித்தனக்காரரும் ஒரே நடையில் முடித்துவிடுவார்கள். சொத்து வரி ரசீதின் பின்பக்கம் இந்தச் சட்டத்தை நாலு வரியில் அச்சிட்டாலே வீட்டுக்காரர் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

அரசு செய்யும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த முறை வீடு விட்டாலும் பிடித்தாலும் சாவி கை மாறும் முன் ஒப்பந்தத்தைப் பதிந்துவிடுங்கள். நாளை தகராறு வந்தால் இருவருக்கும் பேச அந்தப் பதிவு எண் இருக்கும்.