பெயர் யாருடையது? வேர்வை யாருடையது?

ஊருக்குப் பெயர் சூட்டுவது வெறும் பலகை மாட்டும் காரியமல்ல. "இந்த மண் என்னுடையது" என்று அதிகாரம் செய்யும் பிரகடனம் அது. பாட்டாளி மக்களாகிய நாம் இதை நன்கு உணர வேண்டும்.

1921-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டம் அமைத்தனர். அதற்குப் 'பிராங் பெசார்' என்று பெயரிட்டனர். மலாயில் 'பெரும் போர்' என்று பொருள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கு துடைத்து, பால் வெட்டியவர்கள் நம்மவர்கள். பெயரோ துரைமார் கண்ட போருக்கு!

1995-இல் அந்த மண்ணில் புதிய நிர்வாகத் தலைநகரின் வேலை தொடங்கியது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் நினைவாகப் 'புத்ராஜெயா' என்ற பெயர் வந்தது. 2001-இல் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

இதிலும் அரசியல் நோக்கம் உண்டு. அந்நியன் இட்ட பெயரைத் துடைத்து, சுதந்திர நாட்டின் முத்திரையைப் பதிப்பதே அந்த நோக்கம். அதை நாம் குறை கூறவில்லை. 1972-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆனபோதும், 1982-இல் தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனபோதும், துரைமாரின் பெயர் போனதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். துரையின் பெயரைத் துடைத்த கை, தொழிலாளியின் சுவட்டையும் சேர்த்துத் துடைக்கலாமா?

பிராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் லயங்களை விட்டு டிங்கில் அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தன. அங்கே சுவர்கள் விரிசல் கண்டன. சொந்த வீடு என்ற வாக்குறுதிக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். தோட்டத்தின் பெயர் மறைந்தால், "நாங்கள் இந்த மண்ணில் உழைத்தவர்கள்" என்று சொல்லி உரிமை கேட்கும் ஆதாரமும் மங்கிவிடும். பெயர் மாற்றத்தால் ஏழைக்கு நேரும் நட்டம் இதுதான்.

பிராங் பெசாரில் உருவான ரப்பர் இனங்கள் இன்றும் பிபி 86, பிபி 260 என்றே அழைக்கப்படுகின்றன. மரத்துக்குக் கிடைத்த நினைவு மனிதனுக்கு வேண்டாமா?

புத்ராஜெயா என்ற பெயர் நிலைக்கட்டும். அதனோடு அந்த நான்கு தோட்டங்களின் பெயர்களும், அங்கு உழைத்தோரின் வரலாறும் கல்லிலும் பள்ளிப் பாடத்திலும் இடம்பெற வேண்டும். தோட்டம் துண்டாடப்படும் இடமெங்கும் இதே கோரிக்கையை முன்கூட்டியே வைப்போம். நாம் கேட்பது சலுகையல்ல, நியாயம்!